ஏழைக் குடும்பமும் மருத்துவக் காப்பீடும்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சிக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றிக் காலையிலிருந்து நிறையப் பேசிவிட்டோம். பிற்பகலில் என்னை ஏழைகளுக்கான மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். இது மருத்துவத் துறையைச் சேர்ந்த விஷயம். பஞ்சாயத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். அந்தத் தொடர்பைத்தான் கூற வந்திருக்கிறேன்.

ஒரு குடியானவர் வீட்டில் பெருநோய் ஒன்று நுழைந்தால் என்ன நடக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். முதலில் வீட்டிலிருக்கும் ரொக்கம் போகிறது. பிறகு தோடும் மூக்குத்தியும் அடகுக் கடைக்குப் போகின்றன. அதன் பின் கறவை மாடு. கடைசியாக நிலம் ஒத்திக்குப் போகிறது. ஒத்திக்குப் போன நிலம் திரும்பி வருவது அருமை. என் பெரியப்பாவுக்கு இருதயத்தில் கோளாறு கண்டபோது நான் பள்ளி மாணவன். உழவு மாடுகளை விற்றார்கள். ஒன்றரை ஏக்கர் நஞ்சையை ஒத்தி வைத்தார்கள். அவர் பிழைத்தார். நிலம் மட்டும் திரும்பவில்லை. அதற்குப் பின் அந்த வீட்டார் தமக்கே சொந்தமாயிருந்த வயலில் பிறருக்குக் கூலிக்கு நாற்று நட்டார்கள். இத்தகைய குடும்பம் ஒன்றேனும் இல்லாத பஞ்சாயத்து இந்த வட்டாரத்தில் உண்டு என்று நான் நினைக்கவில்லை.

காப்பீடு என்பது புதுமையான ஏற்பாடு போலத் தோன்றினாலும் அதன் தத்துவம் நமக்குப் பழக்கமானதே. நம் பக்கத்தில் கல்யாணத்திலும் காதுகுத்திலும் மொய் எழுதுகிறோம். இன்று ஒருவர் வீட்டில் விசேஷம் என்றால் ஊரார் அனைவரும் சிறிது சிறிதாகக் கொடுக்கிறார்கள். நாளை நம் வீட்டில் விசேஷம் வரும்போது அது நமக்குத் திரும்பி வருகிறது. தனி ஒருவரால் தாங்க முடியாத செலவைப் பலர் பகிர்ந்து தாங்குவதே மொய்யின் உட்பொருள். காப்பீடும் அவ்வாறுதான். வேறுபாடு என்னவென்றால், கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம். நோய்க்கு நாள் குறிக்க முடியாது. எல்லாருக்கும் கல்யாணம் வரும். எல்லாருக்கும் மாரடைப்பு வராது. ஆகவே, நோய் வராத பெரும்பாலோர் செலுத்தும் தொகை, நோய் வந்த சிலருக்குப் பயன்படுகிறது. ஏழைகளால் அத்தொகையையும் செலுத்த இயலாது என்பதால் அதை அரசே செலுத்துகிறது. அரசு மானியத்துடன் கூடிய காப்பீடு என்பது இதுதான்.

தென்னாட்டில் இது படிப்படியாக வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2003-ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் கூட்டுறவுச் சங்க விவசாயிகளுக்காக யஷஸ்வினி என்னும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அதில் உறுப்பினரே மாதத்துக்கு ஐந்து ரூபாய் வீதம் செலுத்தினார்கள். 2007 ஏப்ரலில் ஆந்திரத்தில் ஆரோக்கியஸ்ரீ திட்டம் அனந்தபுரம், மகபூப்நகர், ஸ்ரீகாகுளம் ஆகிய மூன்று மாவட்டங்களில் ஆரம்பமாயிற்று. 2008-இல் மத்திய அரசு ராஷ்டிரிய சுவாஸ்திய பீமா யோஜனாவைத் தொடங்கிற்று; குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை அதில் சிகிச்சை பெறலாம். நம் மாநிலத்தில் 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், பின்னர் 2012 ஜனவரி 11 அன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் தொடங்கப்பட்டன. 2018-இல் இது மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைக்கப்பட்டது. 2022 ஜனவரியில் தொடங்கிய ஐந்தாண்டு ஒப்பந்தத்தின்படி, குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். இதற்காகக் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் காப்பீட்டுக் கட்டணமாக அரசு செலுத்துகிறது. இந்த 849 ரூபாய் உங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்பதால், அது உங்கள் பணம் என்பதைப் பலர் உணர்வதில்லை.

சரி, இத்திட்டங்களால் ஏழைக் குடும்பத்துக்கு உண்மையில் பலன் உண்டா? அரசு ஊழியனாகிய நான் 'உண்டு' என்று சொன்னால் நீங்கள் மரியாதைக்காகத் தலையசைப்பீர்கள். அதனால் பிறர் அளந்து கண்டவற்றைச் சொல்லுகிறேன்.

கர்நாடகத்தில் 2010-இல் வாஜ்பாயி ஆரோக்கியஸ்ரீ என்ற திட்டத்தை மாநிலத்தின் வட பகுதியில் மட்டும் முதலில் கொண்டுவந்தார்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்கள் ஒரு காசும் கட்ட வேண்டுவதில்லை. இருதய நோய், புற்றுநோய், தீக்காயம் போன்ற பெரிய நோய்களுக்கு மட்டுமே அதில் சிகிச்சை. அப்போது, ஓர் எல்லைக் கோட்டுக்கு வடக்கேயிருந்த கிராமங்களுக்குத் திட்டம் வந்துவிட்டது. தெற்கேயிருந்தவற்றுக்கு இன்னும் வரவில்லை. இரு புறத்திலும் மண் ஒன்றே, பயிர் ஒன்றே, வறுமையும் ஒன்றே. ஆராய்ச்சியாளர்கள் இரு புறத்துக் கிராமங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவை வெளியிட்டார்கள். திட்டத்தில் அடங்கிய நோய்களால் ஏழைக் குடும்பங்களில் நேர்ந்த மரணம், திட்டம் இருந்த கிராமங்களில் 64 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆஸ்பத்திரியில் படுத்ததற்காகக் கைப்பணத்திலிருந்து செய்த செலவு 34 விழுக்காடு குறைந்திருந்தது. இந்த இரண்டாவது எண்ணை நீங்கள் கவனிக்க வேண்டும். செலவு மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது, முழுவதும் மறைந்துவிடவில்லை. அதைப் பற்றிப் பிறகு கூறுகிறேன்.

இதற்கு மாறான அனுபவமும் உண்டு. அதை மறைப்பது முறையன்று. முன்பு கூறிய 30,000 ரூபாய்த் திட்டத்தை ஆராய்ந்தவர்கள், அதனால் ஏழைகளின் கைச்செலவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்று கண்டார்கள். கர்நாடகக் கிராமங்களில் பல்லாயிரம் குடும்பங்களைக் கொண்டு நடத்திய மற்றொரு பரிசோதனையில், காப்பீடு பெற்றவர்களுள் பலர் அட்டையைப் பயன்படுத்தவே இல்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் சென்றும் பயன்படுத்த இயலாமற் போனவர்களும் இருந்தார்கள். அட்டையைக் கையில் வைத்திருப்பது வேறு, வேளைக்கு அது உதவுவது வேறு. வயலுக்குக் கால்வாய் வெட்டியாகிவிட்டது, மதகைத் திறப்பதற்கு ஆள் இல்லை என்பது போன்ற நிலை. பஞ்சாயத்துக்கும் காப்பீட்டுக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இவ்விடத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2012-இல் புதிய அட்டைக்காக ஊர் ஊராக முகாம் வைத்துக் குடும்பத்தாரைப் புகைப்படம் எடுத்தார்கள். நான் அப்போது உதவியாளராகப் பணியாற்றினேன். ஒரு குக்கிராமத்தில் முகாமை மேற்பார்வையிடும் பொறுப்பு எனக்கு வந்தது. நடவுக் காலம். காலை பத்து மணிக்கு மேசை போட்டு உட்கார்ந்தோம். ஊரில் கிழவர்களும் குழந்தைகளுமே இருந்தார்கள். மற்றவர்களெல்லாம் நடவுக்குப் போயிருந்தார்கள். மாலை நான்கு மணிக்கு மேசையை மடக்கினோம். வந்தவர்கள் பெயரை எழுதி, 'முகாம் சிறப்பாக நடைபெற்றது' என்று அறிக்கை அனுப்பினேன். அட்டை கிடைத்த குடும்பங்கள் எத்தனை என்பதை அறிக்கையில் எழுதியிருந்தேன். கிடைக்காத குடும்பங்கள் எத்தனை என்பதை எழுத அதில் ஒரு கட்டமும் இல்லை, நானும் எழுதவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து அவ்வூரில் ஒரு விவசாயத் தொழிலாளிக்கு மாரடைப்பு ஏற்பட்டது. எடுத்துச் சென்ற ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டையைக் கேட்டிருக்கிறார்கள். அட்டை இல்லை. மேற்கொண்டு எங்கே போவது, யாரைக் கேட்பது என்று அவர்களுக்குச் சொல்லுவாரும் இல்லை. ஐந்து வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். பசு போயிற்று, அரை ஏக்கர் மானாவாரி நிலம் ஒத்திக்குப் போயிற்று. பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த பையன் படிப்பை நிறுத்திவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். அந்த மனிதர் உயிரோடிருக்கிறார். ஆனால் கடின வேலை செய்ய முடியாது. இவையெல்லாம் எனக்குத் தெரிய வந்தது, பல ஆண்டுகளுக்குப் பின் நான் அந்த வட்டாரத்துக்கே மாற்றலாகி வந்தபோதுதான். அவருடைய மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார். கோபமாகப் பேசவில்லை. "அன்றைக்கு ராத்திரி ஒரு மணி நேரம் இருந்திருந்தால் நாங்களெல்லாம் வந்திருப்போமே, ஐயா" என்று மட்டும் சொன்னார். நான் பதில் சொல்லவில்லை. என்னிடம் பதில் இல்லை.

அன்று அந்த ஊர் வார்டு உறுப்பினர் என்னிடம், 'இன்று நடவு. முகாமை இரவில் வையுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன். அவரைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. முகாமை முடிவு செய்யுமுன் அவரைக் கலந்து பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அலுவலகத்துக்கு ஊரின் எண்ணிக்கை தெரியும். நடவு எந்த நாள், வெளியூர் வேலைக்குப் போனவர் எவர், எந்த வீட்டில் மருமகள் புதிதாக வந்திருக்கிறாள் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

மருமகள் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. திட்டத்தில் குடும்பம் என்பது குடும்ப அட்டையை, அதாவது ரேஷன் கார்டை, அடிப்படையாகக் கொண்டது. நம் பெண்களில் பலருக்குக் கல்யாணமாகி இரண்டு மூன்று ஆண்டு ஆகியும் பெயர் பிறந்த வீட்டு ரேஷன் கார்டிலேயே இருக்கிறது. அங்கே நீக்கி, இங்கே சேர்ப்பதற்கு யாரும் அவசரப்படுவதில்லை. பிரசவ காலத்தில்தான் அவளுக்கு இருதயத்தில் வால்வு கோளாறு இருப்பதே தெரிகிறது. அப்போது பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்குமாக ஓடுகிறார்கள். சீர்வரிசையை முதல் வாரத்திலேயே சரிபார்த்து எண்ணும் நாம், பெயரைச் சேர்ப்பதை மூன்று ஆண்டு தள்ளிப்போடுவது எனக்கு விளங்குவதில்லை. பிறந்த குழந்தைக்கும் இதுவே பொருந்தும்.

அட்டை பெறும் முறை கடினமானதன்று. கிராம நிர்வாக அலுவலரிடமோ உரிய வருவாய் அலுவலரிடமோ வருமானச் சான்று பெற வேண்டும். அதனுடன் ரேஷன் கார்டையும் ஆதார் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டுத் திட்டப் பதிவு மையத்துக்குச் சென்றால் பதிவு செய்துவிடுவார்கள். அட்டை தொலைந்துபோனாலும் பதிவு தொலைவதில்லை. ரேஷன் கார்டு எண்ணைக் கொண்டு கண்டுபிடித்துவிடலாம். ஐயம் இருந்தால் 1800 425 3993 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். இந்த எண்ணைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் ரேஷன் கடைச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்காரும்போது யாரும் நோட்டீஸைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். அந்த வேளையில் முதலில் கூப்பிட வேண்டியது 108 என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி, முன்பு நிறுத்திவைத்த விஷயத்துக்கு வருகிறேன். கைச்செலவு ஏன் முழுவதும் ஒழிவதில்லை? காப்பீட்டில், படுக்கைக் கட்டணம், மருத்துவர் கட்டணம், அறுவைச் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, நோயாளிக்கு உணவு ஆகியவை அடங்கும். ஆனால், உடன் செல்பவரின் சாப்பாடு அடங்காது. அவர் இழக்கும் கூலி அடங்காது. போக வர பஸ் செலவும், நோய் இன்னதென்று தெரியும்வரை அங்குமிங்கும் அலைந்து செய்த செலவும் பெரும்பாலும் குடும்பத்தின் தலையிலேயே விழுகின்றன. இவற்றுக்கு மேல், சில தனியார் ஆஸ்பத்திரிகளில், 'அனுமதி வரும்வரை முன்பணம் கட்டுங்கள்' என்று கேட்பதாகவும் நம் மக்கள் வந்து சொல்லுகிறார்கள். திட்டத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்பதற்கு எந்த ஆஸ்பத்திரிக்கும் உரிமையில்லை. கேட்டால், ரசீது கேளுங்கள். ரசீது கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அதே கட்டணமில்லா எண்ணிலும் மாவட்ட ஆட்சியரிடமும் புகார் செய்யுங்கள். நோயாளியின் வீட்டார் அச்சத்தில் இருப்பார்கள், அவர்களால் முடியாது. அவர்களுக்காக நீங்கள் செய்ய வேண்டும்.

அரசு மருத்துவமனைக்குப் போனால் காப்பீடு செல்லாது என்ற ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அங்கும் அட்டையைக் கொடுக்க வேண்டும். அங்கே சிகிச்சை எப்படியும் இலவசம்தானே, அட்டை எதற்கு என்று கேட்கலாம். நீங்கள் அட்டையைக் கொடுத்தால், அச்சிகிச்சைக்கான தொகை காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து அந்த மருத்துவமனைக்கு வருகிறது. அதைக் கொண்டு அங்கே வசதிகளைப் பெருக்குகிறார்கள். மக்களின் வரிப்பணம் தனியாருக்குப் போகிறதே என்று குறை கூறுபவர்கள் இருக்கிறார்கள். அக்குறையில் நியாயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆயினும், எங்கே போவது என்பதை முடிவு செய்பவர் அட்டைக்காரர்தாம். மாவட்டத் தலைநகரில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கையில், முதலில் அங்கே காட்டுவது நலம் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

சகோதரிகளுக்கு இன்னொன்று. பணம் கட்ட வேண்டியதில்லை என்ற இடத்தில் தேவையில்லாத அறுவைச் சிகிச்சையும் நுழையும். 2012-ஆம் ஆண்டையொட்டிப் பீகாரிலும் சத்தீஸ்கரிலும் இளம் வயதுப் பெண்கள் பலருக்குக் காப்பீட்டுப் பணத்துக்காகக் கர்ப்பப்பையை அகற்றிவிட்டார்கள் என்ற புகார் எழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2023 ஏப்ரலில் நீதிமன்றம் இதைத் தடுப்பதற்கான நெறிமுறைகளை மாநிலங்கள் மேற்கொள்ள வேண்டுமென்று ஆணையிட்டது. வெள்ளைப்படுதலுக்கும் வயிற்று வலிக்கும் 'எடுத்துவிடலாம்' என்று ஓரிடத்தில் கூறினால், இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள். அதற்கு ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை.

இத்தனையும் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டிய நோயைப் பற்றியது. ஆனால் ஏழை வீட்டின் பணம் பெரும்பாலும் ஒழுகிப் போவது படுக்க வைக்காத நோயால். சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் மாதா மாதம் மாத்திரை கேட்கின்றன. இவற்றுக்குக் காப்பீடு இல்லை. இதற்கு வழி ஆரம்ப சுகாதார நிலையம்தான். 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து வழங்கும் மருந்துகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள். இதை வாங்காமல், டவுனில் மருந்துக் கடையில் வாங்கினால்தான் நோய் கேட்கும் என்று எண்ணி மாதம் ஆயிரம் ரூபாய் செலவு செய்பவர்களை நான் அறிவேன். பணம் தீர்ந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஐந்து ஆண்டில் சிறுநீரகம் கெடுகிறது. பிறகு டயாலிஸிசுக்குக் காப்பீட்டு அட்டையைத் தேடுகிறார்கள். அட்டை அப்போது உதவும்; வாரம் இரண்டு மூன்று முறை போய் வரும் நாட்களின் கூலியை அது கொடுக்காது.

விபத்தைப் பற்றி ஒரு சொல். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை வேண்டியதில்லை. எந்த ஊரார் என்றும் கேட்பதில்லை. ஆகவே அடிபட்டவரைத் தூக்கிச் செல்லத் தயங்க வேண்டாம்.

நாடு முழுவதற்குமான கணக்கைப் பார்த்தால், மருத்துவத்துக்கான மொத்தச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்திருக்கிறது. இது காப்பீட்டினால் மட்டும் நேர்ந்ததன்று. அரசு மருத்துவமனைகளுக்கான செலவு உயர்ந்ததும் சேர்ந்தே இதைச் செய்தது. இருந்தாலும் நூற்றுக்கு 39 என்பது, கூலி வேலை செய்யும் குடும்பத்துக்குச் சிறு பாரமன்று.

என் அலுவலகத்தில் ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் தைத்து வைத்திருக்கிறோம். வெளியே போகும்போது செயலாளர்கள் அதைப் பெற்றுக்கொள்ள வேண்டுகிறேன். அதில் அட்டை உள்ள குடும்பங்களின் பட்டியல் வேண்டாம்; அது கணினியில் இருக்கிறது. அட்டை இல்லாத குடும்பங்களை மட்டும், தெரு வாரியாக, வார்டு உறுப்பினர் நேரில் போய்க் கேட்டு எழுத வேண்டும். ஏன் இல்லை என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்: வருமானச் சான்று இல்லையா, மருமகள் பெயர் சேரவில்லையா, செங்கற் சூளைக்குப் போய்விட்டார்களா என்று. அடுத்த கிராம சபையில் அதை வாசிக்க வேண்டும். பெயர் விடுபட்டவர்கள் அங்கேயே எழுந்து சொல்லுவார்கள். சான்று வழங்கும் முகாமை எந்த நாளில், எந்த நேரத்தில் வைப்பது என்பதையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். இரவு எட்டு மணி என்று எழுதினாலும் வருவதற்கு நான் சம்மதம். வருவாய் ஆய்வாளர் இங்கே அமர்ந்திருக்கிறார், அவரும் சம்மதித்திருக்கிறார். உங்கள் கேள்விகளை இனி அவரிடம் கேட்கலாம்.